பென்குயின் போட்டுப் பார்த்த மூக்குக்கண்ணாடி

கொச்சி முழுக்கத் தேடினாலும் பென்குயினைப் போல ஒரு பிடிவாதக்காரர் கிடைக்கமாட்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, மூட்டை தூக்கி, மட்டாஞ்சேரியில் சொந்த மண்டி வைத்தவன் சொல்கிறேன். பிடிவாதம் என்னவென்று எனக்குத் தெரியும்.

என் மண்டிக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கத் திருப்பூணித்துறையிலிருந்து பஸ் ஏறி வருவார். கம்ப்யூட்டரை ஓட்டுவதற்கு லினக்ஸ் என்ற மென்பொருளைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். அதன் சின்னமான பென்குயினைச் சட்டையில் குத்தியிருப்பார்; அதனால்தான் அந்தப் பெயர். வந்ததும், கீபோர்டே போதும் என்று மவுஸைக் கழற்றி என் கையில் கொடுப்பார். "இதைப் பிடிச்சுண்டு சும்மா இரும், அண்ணாச்சி."

சென்ற வருடம் பஜாரில் யாரிடமும் இல்லாத பெரிய மானிட்டர் வாங்கினேன். மாட்டினால் ஒவ்வொரு எழுத்தும் பலாப்பழம். பாதி பில் திரைக்கு வெளியே. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் டிரைவர் சரியில்லை என்று பென்குயின் பழையதை நீக்கினார். திரை இருண்டே போனது. அவரோ அசராமல் அரைமணி நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமே தெரியலியே வேய், என்னத்த அடிக்கீரு?"

"நேக்குத் தெரியறது. அது போரும்."

படம் வந்தது. கண்ணாடி போலத் துல்லியம். ஆனால் எழுத்தெல்லாம் கடுகு.

பில் போடும் லலிதாவுக்குக் கண் மட்டம்; தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாள். "முதலாளி, ஒண்ணும் காணலை" என்று திரையில் மூக்கை ஒட்டினாள். கோட்டயத்துக்குப் போகவேண்டிய சுக்கு கொல்லத்துக்குப் போனது. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை பென்குயின் வந்தார்.

"ரெசல்யூஷனக் கொறச்சுப் போடும், எழுத்து பெருசாத் தெரியும்" என்றேன்.

"பாடில்லை, கூடவே கூடாது! எழுத்து கலங்கிப் போகும். அவா கண்ணு இன்னும் கஷ்டப்படும்." லலிதாவிடம் கை நீட்டினார். "அந்தக் கண்ணாடியைத் தாங்கோ."

அதை மாட்டிக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் காரியமாக என் சாயாவைத் தட்டிவிட்டார்.

"வேய், அது அவ கண்ணுக்கு எழுதிக் குடுத்தது. ஒமக்கு எதுக்கு?"

"இதைப் போட்டுண்டு நேக்கே தெரிஞ்சா, அவாளுக்குத் தெரியாம போகுமோ?"

ரெசல்யூஷனைத் தொடாமல், எழுத்துகளை மட்டும் பெரிதாக்கும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். கண்ணில் நீர் வழிந்தது; துடைத்துக்கொண்டு மறுபடி ஏற்றினார். இரண்டு மடங்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

லலிதா சாய்ந்து உட்கார்ந்தபடி வாசித்தாள். "சுக்கு, முப்பது சாக்கு, கோட்டயம்."

சிவந்த கண்ணோடு போனவர் வாசலில் நின்ற தள்ளுவண்டியில் முட்டிக்கொண்டார்.

லலிதா இன்றும் அதே நாற்காலியில்தான். மண்டியில் எதைக் காட்டி யார் செய்தது என்று கேட்டாலும், நான் என்றுதான் சொல்வேன். அந்தத் திரையைக் காட்டிக் கேட்டால் மட்டும் பென்குயின் பெயரைச் சொல்கிறேன்.