கங்காதரன் கடைவாய்க் காண்டம்

அலைகடல் முழங்கினும் அம்முழக்கத்தை அடக்கி முழங்கும் நெடுங்குரலோனை, வஞ்சிரத்துக்கும் சுறாவுக்கும் விலை கூறி வியாபாரிகளின் நெஞ்சைக் கலக்கும் ஏலவேந்தனை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே மணற்கரையில் மீன்கூடைகளின் நடுவே குன்றென நிற்கும் கங்காதரனை முதற்கண் வணங்குகிறோம். அவன் வாய் வாழ்க. அந்த வாய் திறவாமற்போன கதையை, நாமகளே, எம் நாவில் அமர்ந்து நீயே சொல்லித் தருவாயாக; அமரும்போது கடைவாய்ப் பக்கம் மட்டும் சற்றுப் பார்த்து அமர்வாயாக.

நாற்பது வயதுவரை ஞானமின்றி நலமாக வாழ்ந்த அவ்வீரனின் இடப்புறக் கீழ்த்தாடை என்னும் இருட்குகையில், ஞானப்பல் என்று ஊரார் பெயரிட்டழைக்கும் வன்பகை ஒன்று, எழுந்து நிற்க இடமின்றி, தலசயனப் பெருமாளைப் போலப் படுத்த வாக்கிலேயே அவதரித்தது. படுத்தது சும்மா கிடந்ததா? முன்னிருந்த பல்லை முட்டியது. ஈறு என்னும் கோட்டைமதிலை இடித்தது. கன்னம் என்னும் சமவெளியில் ஒரு குன்றை எழுப்பிற்று. கிராம்பு தனியே சென்று போரிட்டு மாண்டது. உப்புநீர்ப் படை கொப்பளித்துக் கொப்பளித்துக் களைத்தது. பெட்டிக்கடை மாத்திரைகள் ஒரு பொழுது எதிர்த்து நின்று, மறு பொழுது புறமுதுகிட்டன. தாடை பூட்டிக்கொண்டது.

ஏலக்களத்தில் அவன் இடத்தில் ஏறி நின்றான் சின்னையன், கொசுவும் காது கொடுத்துக் கேட்கவேண்டிய மென்குரலோன். அவன் கூறிய விலை முதல் வரிசையைத் தாண்டவில்லை. கூடை நிறையச் சங்கரா மீன் கால்விலைக்குப் போயிற்று. வலையிழுத்துக் களைத்தவர்கள் கங்காதரனின் வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பார்வை அவனுக்குப் பல்லைவிட அதிகமாக வலித்தது.

அப்போது எழுந்தாள் அவன் மனைவி ஆதியம்மாள், ஈ.சி.ஆர். ஓட்டல்களின் கொல்லைப்புறக் கதவுகளில் நின்று, கத்தியேந்திய சமையற்காரர்களையெல்லாம் பேரத்தில் வென்று மீன் விற்றுவரும் வீராங்கனை. கணவனின் தாடையைத் துண்டால் தூக்கிக் கட்டி, எக்ஸெல் வண்டியை அவனையே ஓட்டச் சொல்லி, மீன்கூடையோடு பின்னால் ஏறி அமர்ந்து சென்று, பஸ் நிலையத்தருகே இருந்த பல் மருத்துவமனையை முற்றுகையிட்டாள்.

"இன்சூரன்ஸ் எதுனா இருக்கா?" என்று வாயிற்காவல் புரிந்த நங்கை வினவினாள்.

"கீது," என்றாள் ஆதியம்மாள். "வண்டிக்கு கீது. ஐஸ் பொட்டிக்குக்கூட கேரண்டி கீது. இவுருக்குத்தான் ஒண்ணும் இல்ல."

கங்காதரன் தலைகுனிந்தான். தான் ஐஸ் பெட்டியினும் கடையன் என்பதை அவன் அதுநாள்வரை அறிந்திலன்.

முகக்கவசமும் கையுறையும் பூண்டு தோன்றினார் டாக்டர் வினிதா. எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் உயர்த்திப் பிடித்துப் பிரகடனம் செய்தார்: "பல்லு படுத்திருக்கு. ஈறைக் கிழிச்சு, பல்லைத் துண்டாக்கித்தான் எடுக்கணும். எட்டாயிரம் ஆகும்."

இடி விழுந்தது போன்ற அச்சொல் கேட்டு, கங்காதரனின் வலிகூட ஒரு கணம் திகைத்து நின்றது. ஆதியம்மாள் திகைக்கவில்லை.

"துண்டு போடாம முழுசா எடுத்தா எவ்ளோ?"

"அம்மா, இது மீன் மார்க்கெட் இல்ல."

"தெரியும் கண்ணு. மீனா இருந்தா நானே வெட்டிருப்பேன்."

மூண்டது போர். மூவாயிரம் என்னும் வேலினை ஆதியம்மாள் எறிய, ஏழாயிரத்து ஐந்நூறு என்னும் கேடயத்தால் வினிதா தடுக்க, மயக்க ஊசியின் விலையும் கட்டட வாடகையும் ஒரு புறத்திலிருந்து அம்புமாரியாய்ப் பொழிய, மீன்பிடித் தடைக்காலமும் மகளின் காலேஜ் பீசும் மறுபுறத்திலிருந்து மதயானைகளாய்ப் பிளிறிப் பாய, நாற்காலியில் மல்லாந்து கிடந்த கங்காதரனின் மேலாக எண்கள் பறந்தன. ஏழு இறங்கி ஆறானது. மூன்று ஏறி ஐந்தானது. அங்கே இரு படையும் அசையாமல் நின்றன. ஆதியம்மாள் தன் இறுதி அஸ்திரத்தைக் கையிலெடுத்தாள்: கூடையை இடுப்பில் ஏற்றி, கிளம்புவதுபோல் எழுந்தாள். கண்டார் வினிதா, தளர்ந்தார், சரி, ஐயாயிரமே கொடுங்கள் என்று சொல்ல அவர் உதடுகள் குவிந்தன.

அந்தோ, அந்நேரம் பார்த்து விழித்தது கங்காதரனின் குலத்தொழில். இரண்டு பேர் இரண்டு விலை சொன்னால் உயர்ந்த விலைக்கு முடித்துவைப்பதே தன் பிறவிப்பயன் என வாழ்ந்தவன், வலியை மறந்தான், மனைவியை மறந்தான், ஏலத்தில் இருக்கும் சரக்கு தன் சொந்தப் பல் என்பதையும் மறந்தான். வலக்கை உயர்ந்தது. பூட்டிய தாடை கோட்டைக் கதவெனத் திறந்தது.

"ஆறாயிரம் ஒரு தரம். ஆறாயிரம் ரெண்டு தரம். ஆறாயிரம் மூணு தரம்."

உயர்ந்த கை இறங்கி அறைந்ததில் நாற்காலியின் கைப்பிடி அதிர்ந்தது. வெளியே புறப்பட்ட பஸ்ஸை, யாரோ நிறுத்தச் சொன்னதாக எண்ணிக் கண்டக்டர் விசிலடித்து நிறுத்தினார்.

"அப்படியே தொறந்து வச்சுக்குங்கண்ணா," என்றார் வினிதா, ஊசியோடு பாய்ந்து.

"யோவ், நீ யாரு பக்கம்யா?" என்றாள் ஆதியம்மாள்.

விடை சொல்ல நாக்கு மரத்துப்போயிருந்தது. பிறகு நிகழ்ந்தது பாற்கடல் கடைந்தாற்போன்ற பெருங்கடைதல். எந்திரம் சீறியது, இடுக்கி இழுத்தது, ஈற்றில் ஞானம் மூன்று துண்டுகளாய் எஃகுத் தட்டில் வீழ்ந்தது. "பஞ்சை ஒரு மணி நேரம் கடிச்சிட்டே இருக்கணும். அப்புறம் ஐஸ்கிரீம் சாப்பிடலாம்" என்று வரமருளி விடைகொடுத்தார் டாக்டர். பகைமுடித்த பெருவீரன் எதிர்க்கடையில் மாம்பழ ஐஸ்கிரீம் ஒன்றை வாங்கி, வெற்றிச்சங்கு போல் உயர்த்தி, உச்சிவெயிலில் அது உருகத் தொடங்கிய பின்னரே வாயிலிருந்த பஞ்சை நினைந்து, பேச வழியின்றி, வீடு சேரும்வரை பத்திரமாய்ப் பிடித்துவா என்று இரு கண்களாலும் இறைஞ்சி, அதை மனைவியின் கையில் ஒப்படைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஆதியம்மாள் அதைச் சாப்பிட்டுவிட்டாள்.