வெல்லப்பாகு ஆன்டெனா

ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு அலுமினியக் குழாய வளைக்கணும். அவ்வளவுதான் வேலை.

எங்க ஊட்டுக் கூரை மேல இருந்த டிவி ஆன்டெனாவுல குரங்கு ஊஞ்சலாடி ஒடைச்சுப் போட்டுருச்சு. மத்த கம்பியெல்லாம் தப்பிச்சுது. நடுவுல ரெண்டு முனையும் மடிஞ்சு திரும்புமே, அந்தக் குழாய்தான் போச்சு. ரிப்பேர்க்காரர் சேலத்துல இருந்து வரணும். "அடுத்த வாரந்தாங்க"ன்னுட்டாரு.

எனக்கு அடுத்த வாரம் ஆகாது. நான்தான் வாய விட்டிருந்தேனே!

என் நாத்தனார் ரெஜினாவுக்குச் சேலத்துல ஊடு. புது டிவி வாங்கிட்டு ஒரே பீத்தல். எனக்குப் பொறுக்கல. "உங்க ஊர்ல எல்லாம் மங்கல்தான் ரெஜினா. எங்க ஏற்காட்டுல வந்து பாரு, கண்ணாடியாட்டம் தெரியும்"னு சொல்லிப்போட்டேன்.

"அப்படீங்களா அண்ணி? அப்ப ஞாயித்துக்கிழமை படம் பாக்க வந்தர்றேன்"னுட்டா.

பஜார்ல ரெண்டு குழாய் வாங்கினேன். கடைக்காரர், "உள்ள மணல் போட்டு நெரப்பி வளைங்கம்மா, இல்லீன்னா நசுங்கிரும்"னாரு.

எனக்கா சொல்றாரு? வெறுங்குழாய முட்டி மேல வச்சு ஒரே அமுக்கு! வளைஞ்ச எடம் சப்பையாப் போச்சு.

எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டரா இருக்கற என் ஊட்டுக்காரர் எட்டிப் பாத்தாரு. "நொம்ப நல்லா இருக்குது புள்ள. சட்டை மாட்டிக்கலாம்."

ரோசம் வந்துருச்சு. மிச்சம் இருக்கறது ஒரே குழாய். மணலுக்கு எங்க போறது? அது மலைக்குக் கீழ இருந்து லாரியில வரணும். தோட்டத்து மண்ண அள்ளிப் போட்டேன். ஈரத்துல குழாய் வாயிலயே அடைச்சுக்கிச்சு. குத்திக் கிளறி எடுத்துட்டு ராகியப் போட்டேன். வளைக்க ஆரம்பிச்சா உள்ள நறநறன்னு மாவாகுது! பயந்து கொட்டிட்டேன்.

அப்பத்தான் அடுப்பப் பாத்தேன். ரெஜினாவுக்குப் பலகாரம் வேணுமேன்னு கச்சாயம் சுட வெல்லப்பாகு கொதிச்சுக்கிட்டிருந்துச்சு.

குழாயோட ஒரு முனையில துணிய அடைச்சு, மறு முனையில புனல வச்சுப் பாதிப் பாக ஊத்தினேன். அந்த முனையையும் அடைச்சு ஆற விட்டேன். இறுகினதும் உலக்கையில குடுத்து மெதுவா வளைச்சேன். அடடா! ஒரு சுருக்கம் இல்ல, ஒரு நசுங்கல் இல்ல. அவரே தடவித் தடவிப் பாத்தாரு.

"சரி, பாக எப்படி எடுப்ப?"

"சுடுதண்ணி ஊத்தினா கரைஞ்சு ஓடிருமுங்க."

ஓடல. எவ்வளவு ஊத்தியும் முனையில இளகினதோட சரி, உள்ள அசையல. "உள்ள இருந்தா யாருக்குத் தெரியப் போகுது? கொண்டு போய் மாட்டுங்க"ன்னேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெஜினா வந்து எறங்கினா. டிவியப் போட்டா படம் பளிச்! அவ மூஞ்சியில ஈயாடல. எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

வெளிய நல்ல வெயில். அதை நான் யோசிக்கவே இல்ல.

சாயங்காலம் படம் ஆரம்பிச்சு, கதாநாயகிக்கு இருமல் வந்த நேரம் கூரை மேல தொம்முன்னு ஒரு சத்தம். டிவியில கோடு கோடா ஓடுது. அவரு வெளிய ஓடினாரு.

"பாகு உருகி ஒழுகுது புள்ள! ஒரு குரங்குக் கூட்டமே நக்கிக்கிட்டு இருக்குது!"

கல்லெடுத்து வெரட்டினாரு. அதுக ஆட்டின ஆட்டத்துல ஆன்டெனா திரும்பிப் போச்சு. ஒரே ஒரு கெழட்டுக் குரங்கு மட்டும் போகாம அதும்மேல ஏறிக் குந்துச்சு. அந்தக் கனத்துல ஆன்டெனா நேராச்சு. படம் மறுபடியும் பளிச்!

அவரு அதையும் வெரட்டக் கையோங்கினாரு. ரெஜினா ஜன்னல்ல தலைய நீட்டிக் கத்தினா. "அண்ணா, வெரட்டாதீங்க! அது உக்காந்தாத்தான் தெரியுது!"

பாகு தீந்ததும் குரங்கு எந்திரிச்சுருச்சு. உள்ள கதாநாயகி சாகக் கெடக்கறா. "கச்சாயத்தக் கொண்டா புள்ள!"ன்னு அவரு ஏணியில நின்னுக்கிட்டுக் கத்தறாரு.

ஒண்ணு குடுத்தா உக்காருது. தின்னு முடிச்சா எந்திரிக்குது. கதாநாயகியோ லேசுல சாகற மாதிரி தெரியல. பாட்டு வேற பாடறா!

படம் முடிஞ்சப்ப தட்டு காலி. குரங்கு ஏப்பம் விட்டுட்டு எறங்கிப் போச்சு.

ரெஜினா கடைசி பஸ்ஸுக்குப் பைய எடுத்துக்கிட்டு எந்திரிச்சா. வாசல்ல நின்னு நிதானமாச் சொன்னா:

"எங்கூட்டுல படம் மங்கல்தானுங்க அண்ணி. ஆனா கொரங்குக்குப் பலகாரம் சுட வேண்டியதில்லீங்க."