நீல எழுத்தும் முப்பது மிளகுக்கொடியும்

அடுக்கம்,
தை நாலாம் நாள்.

பழனியில் கணினிக் கடையும் அதோடு ‘மலைத்தோட்டம்’ என்னும் இணையக் களமும் நடத்திவருகிற என் தங்கை மகன், மாப்பிள்ளை கதிர்வேலுக்குத் தாய்மாமன் ஆண்டிச்சாமி எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அத்தை ராஜேஸ்வரியும் காப்பிச் செடிகளும் சுகம். அங்கே நீயும் உன் கணினிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். போன ஆடியிலேயே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்பதுதான் நினைவில்லை. மிளகுக்கொடியைக் கெடுத்த அந்த இணைப்பை அனுப்பியவன் யார் என்று தெரியும்வரை களம் பூட்டியே கிடக்கும் என்று நீ அறிவித்துவிட்டதால், இருநூற்றுப் பன்னிரண்டு விவசாயிகள் வாயடைத்துக் கிடக்கிறார்கள். நான் தாளுக்கு வந்துவிட்டேன். அனுப்பியவனை எனக்குத் தெரியும். முழுவதும் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

களத்தில் எல்லோரும் பிழையில்லாமல் எழுதுகிறார்களா என்று பார்க்கும் பொறுப்பை நீ என்னிடம் கொடுத்தது சரியான முடிவு. ஒன்பதாம் வகுப்பை நான் இரண்டு முறை படித்தவன், கூட்டினால் பதினெட்டு வருகிறது, இந்த மலையில் அத்தனை படித்தவர் வேறு யாரும் இல்லை. மார்கழி பிறந்த வாரம், நம் தோட்டத்துக்கு மேலே குடியிருக்கும் ஒய்யம்மாள் களத்தில் ஒரு கேள்வி போட்டாள். காட்டில் தேன், கடுக்காய் எடுத்துப் பிழைத்து வந்த பிள்ளை, பத்து வருடமாகப் பாடுபட்டு முப்பது மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறாள், வீட்டின் வருடச் சோறே அதுதான். அவளுக்கு எழுத வராது, போனிடம் பேசினால் அது எழுதிக் கொடுக்கும். ‘மொளகு கொடி நாலு எல மஞ்சளாகி உதுருது தூருல நாத்தம் அடிக்குது என்ன செய்யட்டும்’ என்று வந்தது. நான் உடனே கடமையில் இறங்கி, பதினான்கு பிழைகளை வரிசையாக எண் போட்டுக் காட்டி, கேள்விக்குறி இல்லாததால் இதைக் கேள்வியாகவே கருத முடியாது என்றும் தீர்ப்பெழுதினேன். அய்யம்பாளையம் வேலப்பன் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பிழை ஒன்பதுதான் என்று வந்தார். நான் விடுவேனா? மூன்று நாளில் அறுபத்து நாலு பதிவு. களம் முழுக்கத் தமிழ் மணத்தது, தூரில் நாற்றம் அடித்துக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் பார்த்தால் ஒய்யம்மாள் தன் கேள்வியை அழித்துவிட்டாள். எங்கள் பதில்கள் மட்டும் எதற்கென்றே தெரியாமல் நின்றன.

அப்போதுதான் கன்னிவாடிப் பிரசாந்த் என்றொருவன் அவளுக்குத் தனியாக ஓர் இணைப்பை அனுப்பியிருக்கிறான். நீல எழுத்தில் அடிக்கோட்டோடு வருமே, அதேதான். ஆள் நல்ல உயரம், முறுக்கு மீசை, சிவப்பு வண்டி. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளைக்கு யாருமே பதில் சொல்லவில்லையே என்று மனசு உறுத்தித்தான் அனுப்பியிருப்பான். ஆனால் தலைப்பைப் படித்தாலே முழுவதும் படித்த மாதிரி என்று நினைக்கிற ரகம். ‘வாடும் மிளகுக்கொடியைக் காக்க ஒரே வழி’ என்று தலைப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தப் பாவி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து உன் அத்தை விறகுக்குப் போனவள், ஓடையிலிருந்து குடம் சுமந்து ஏறிய ஒய்யம்மாளைப் பார்த்திருக்கிறாள்.

“ஏத்தா, பனி இப்படிக் கொட்டுது, மண்ணெல்லாம் சொதசொதன்னு கெடக்கு, தண்ணி சுமக்குறியே, என்ன சோலி?”

“மொளகுக்குத்தான்க்கா. காலையில ஒரு கொடம், சாயங்காலம் ஒரு கொடம். போனு வாசிச்சுக் காமிச்சுச்சு.”

“போனு வந்து உங்காட்டப் பாத்துச்சாக்கும்?”

“எனக்கும் மனசு ஒப்பலதான். படிச்சவுக அனுப்புனாகளேன்னு ஊத்துறேன்.”

உன் அத்தை போனை வாங்கி முழுவதும் வாசித்திருக்கிறாள். அது சித்திரை வெயிலில் பட்டணத்து மொட்டை மாடியில் தொட்டியில் வளர்க்கும் கொடிக்குச் சொன்ன வைத்தியம். இங்கே வேரே அழுகிக் கிடக்கிறது, அதன் தலையில் குடம் குடமாகத் தண்ணீர்! வீட்டுக்கு வந்தவள், “ஏங்க, பேனாவ வச்சிட்டு மம்பட்டிய எடுங்க, வெரசா!” என்றாள். நான் இருபதடி தூரத்திலேயே மோந்து நோயைச் சொல்லிவிட்டேன். ஒய்யம்மாளின் தம்பி மலையனும் நானும் இரண்டு நாள் வடிகால் வெட்டினோம், அழுகிய கொடிகளைப் பிடுங்கி எரித்தோம், மற்றவற்றின் தூரில் அழுகலுக்கு மருந்தாகத் துருசும் சுண்ணாம்பும் கலந்து ஊற்றினோம். பன்னிரண்டு போய்விட்டது. பதினெட்டு நிற்கிறது. உழைப்பில் முக்கால் பங்கு என்னுடையது, மலையன் வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

நீ போனில் கேட்டதற்கு, அனுப்பியது ‘யாரோ’ என்று ஒய்யம்மாள் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த யாரோதான் பிரசாந்த். அவனை நீக்கிவிட்டுக் களத்தைத் திற. மிளகு பறிக்கும் பருவம், ஊரெல்லாம் கேள்வியோடு இருக்கிறது. அப்படியே இரண்டு விதி சேர்த்துக்கொள். கேட்டவருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும், பிழையை அப்புறம் திருத்தலாம். பிழை எங்கும் ஓடிவிடாது, கொடி போய்விடும். இன்னொன்று, இணைப்பு அனுப்புவது ஒருவரை முன்பின் தெரியாத வீட்டுக்கு வழிசொல்லி அனுப்புவது மாதிரி. அந்த வீட்டில் கடிக்கிற நாய் உண்டா என்று அனுப்புகிறவன் முதலில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். இதை நான் ராத்தூக்கம் கெட்டு யோசித்தேன்.

உன் கடை வாசலில் கூட்டமும் உன் வீட்டில் பிள்ளைச் சத்தமும் குறையாதிருக்க மலைமேல் நிற்கும் ஆண்டவன் அருளட்டும். தங்கைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் மாமன்,
ஆண்டிச்சாமி.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மாப்பிள்ளை, கன்னிவாடியில் அப்படி ஒரு பிரசாந்த் எனக்குத் தெரிந்து இல்லை. மீசை, வண்டி எல்லாம் என் கைச்சரக்கு. அந்த இணைப்பை அனுப்பியவன் நான்தான். நீக்க வேண்டிய பெயர் எது என்று உனக்கே தெரியும். இன்று வெள்ளனே மேலே போய், மனசு ஒப்பாமல் ஏன் தாயி ஊற்றினாய் என்று ஒய்யம்மாளிடமே கேட்டேன். வடிகாலில் அடைத்திருந்த சருகை அள்ளிக்கொண்டே சொன்னாள்: “எம் பேச்சுல அம்புட்டுத் தப்பு கண்டுபுடிச்ச மனுசன், கொடி விசயத்துல மட்டும் தப்பாவா சொல்லப்போறாருன்னு எங்கண்ணையே நம்பாம ஊத்துனேண்ணே.”