பொஞ்சூர் மாஸ்டரின் பிரெஞ்சு வகுப்பு

பிரெஞ்சு மொழி உண்டான நாளிலிருந்து அதற்கு நேர்ந்த அவமானங்களில் ஆகப் பெரியது, புங்குடுதீவு இறுப்பிட்டியில், ஓர் ஓட்டு வீட்டின் முன் விறாந்தையில் நடந்தது. நடத்தியவர், வணக்கத்துக்குப் பதில் ‘பொஞ்சூர்’ சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரெடுத்த பொஞ்சூர் மாஸ்டர். நானும் உடந்தை. ஏழு மாதம் அவரிடம் படித்தேன்.

மாஸ்டர் என்றதும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். எழுபதுகளின் கடைசியில், கப்பலில் வேலை செய்து பிரான்சில் இறங்கிவிட்ட அவருடைய தம்பி, அண்ணனை அங்கே கூப்பிட்டு ஒரு படிப்பில் சேர்த்துவிட்டார். ஒரு பிரெஞ்சு வீட்டில் தங்கி, அவர்களோடேயே உண்டு உறங்கி, காதால் கேட்டே மொழி பழகுகிற மூன்று மாதப் படிப்பு. முடித்துக்கொண்டு சித்திரை வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வையோடு வந்து இறங்கினார். இறங்கும்போது பஸ் கொண்டக்டரைப் பார்த்து “மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். மேர்சி என்கிற எந்தப் பெண்ணைத் தேடுகிறார் என்று கொண்டக்டர் பஸ்ஸுக்குள் திரும்பிப் பார்த்தாராம்.

அந்தக் காலத்தில் தீவுப்பகுதியில் இளந்தாரிகள் இரண்டே வகை. பிரான்சுக்குப் போனவர்கள், போக நிற்பவர்கள். போக நின்றவர்களில் எட்டுப் பேர் மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தோம். நான் வேலணையில் ஒரு கந்தோரில் இலிகிதன். மூளையுள்ளவன் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் போனேன்.

“மொழியைப் படிக்கக் கூடாது. அதுக்குள்ள தாழ வேணும். கிணத்துக்க விழுந்தவன் நீந்துறான் தானே, அப்பிடி” என்றார் முதல் நாள்.

கிணற்றில் விழுந்தவர்களில் பெரும்பாலானோர் என்ன ஆகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. படலையைத் தாண்டி உள்ளே வந்தால் தமிழ் கிடையாது என்பது சட்டம். கதிரைக்குப் பிரெஞ்சில் என்னவென்று சொன்னால்தான் கதிரையில் இருக்கலாம். முதல் கிழமை எட்டுப் பேரும் நின்றோம். மாஸ்டரும் நின்றார். அது பண்பு என்று அப்போது நினைத்தேன்.

“காலமை தின்னுற பாண் எண்டுறதே பிரெஞ்சுச் சொல்லு. நீங்கள் பிறந்ததில இருந்து அரைவாசிப் பிரெஞ்சுக்காரர்” என்று எங்களுக்கு உற்சாகமூட்டுவார்.

ஒருநாள் பக்கத்து வளவு ஆடு உள்ளே வந்து, கொடியில் காய்ந்த அவருடைய மனைவியின் சேலையை முந்தானையிலிருந்து தின்னத் தொடங்கியது. எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்டைக் கலைக்கிற பிரெஞ்சு யாருக்கும் தெரியாது. மாஸ்டர் விரலை ஆட்டி, “நோன், நோன்” என்றார். ஆடு தமிழ் ஆடு. பாதிச் சேலை போன பிறகு மனைவி குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு வந்தார்.

“ஒன்பது ஆம்பிளையள் நிண்டு ஆடு மேய்க்கிறியள் என்ன” என்று கேட்டார். அந்த வளவில் தமிழ் பேசத் துணிந்த ஒரே ஆள் அவர்தான்.

மாஸ்டர் கற்றுத்தந்த சொற்களில் மூன்றை நாங்கள் வேதம்போல் பாடமாக்கியிருந்தோம். ஒருவரை இருக்கச் சொல்ல ‘அஸீ’. பொறுக்கச் சொல்ல ‘பூஜ் பா’. பெரிய மனிதர்களைச் சந்தித்தால் கையை நீட்டி, ‘தொன் லா பத்’. “கை குடுங்கோ எண்டு அர்த்தம். இதைக் கேட்டா வெள்ளைக்காரன் உருகிப்போவான்” என்பார்.

வகுப்பிலிருந்து முதலில் பாரிஸ் போய்ச் சேர்ந்தவன் தவம். இரண்டு மாதம் கழித்து எனக்கு அவனிடமிருந்து கடிதம் வந்தது.

“அண்ணை, இஞ்ச பதிவு செய்யிற கந்தோருக்குப் போனனான். பெரிய அதிகாரி எழும்பி வந்தார். கையை நீட்டி, தொன் லா பத் எண்டு சொன்னனான். கந்தோரே சிரிச்சுது. பிறகு ஒரு மொறிசியஸ் பெடியன்தான் விளங்கப்படுத்தினவன். அது நாயிட்ட முன்னங்கால் கேக்கிறதாம். மற்ற ரெண்டும் அப்பிடித்தானாம். மாஸ்டர் எங்களுக்குப் படிப்பிச்சது நாய்ப் பிரெஞ்சு.”

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. ஏழு மாதம் ஒரு மனிதனை நம்பியவனுக்கு, அவனை நாலு பேர் முன்னால் விழுத்துவதைப்போல் இனிப்பு வேறில்லை. கடிதத்தைச் சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு அன்று பின்னேரம் வகுப்புக்குப் போனேன். எல்லோரும் வந்தபின் எழும்பி நின்று, தமிழிலேயே உரக்க வாசிப்பது என்பது என் திட்டம்.

வாசிக்க எழும்பும்போது படலையடியில் ஒரு பெண் வந்து நின்றாள். ஊர்காவற்றுறை ரோசம்மா. அவளுடைய புருசன் அந்தோனி பிரான்சில். ஐந்து மாதமாக அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. இப்போது அவன் கையெழுத்தில்லாத, தட்டெழுத்தில் அடித்த ஒரு பிரெஞ்சுக் கடிதம் வந்திருந்தது. இரண்டு பஸ் மாறி, மாஸ்டரின் பெயரை விசாரித்து வந்திருக்கிறாள்.

“என்ன எழுதியிருக்கெண்டு மட்டும் சொல்லுங்கோ மாஸ்டர். எதெண்டாலும் சொல்லுங்கோ” என்றாள்.

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பக்கத்தைத் திருப்பினார், மறுபடி முதலிலிருந்து பார்த்தார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘சுகமாக இருக்கிறானாம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். பிழை பிடிக்க அந்த விறாந்தையில் ஒரு சீவன் இல்லை. அவள் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள், அவருடைய மானமும் போயிராது.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளை, எனக்கு இது வாசிக்க ஏலாது” என்றார். தமிழில்.

கடிதத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“ஆஸ்பத்திரி எண்டு ஒரு சொல்லு விளங்குது. மிச்சம் தெரியாது. குத்துமதிப்பாச் சொல்லுற விசயம் இல்லை இது.” பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “நான் நிண்ட வீட்டு மனிசிக்குக் காது கேளாது. என்னோட கையாலதான் கதைச்சவ. வாயால கதைச்சது தன்ரை நாயோட மட்டும். நான் கேட்டுப் பழகினது அதுதான். வந்து சொல்ல வெக்கமாக் கிடந்தது.”

அவ்வளவுதான். கம்பளிச் சால்வையைக் கதிரையில் போட்டுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர் மடத்தில் பிரான்சில் பிறந்த வயதான சிஸ்டர் ஒருவர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்க ரோசம்மாவைக் கூட்டிக்கொண்டு வேகமாக நடந்தார்.

அந்தோனி உயிரோடு இருந்தான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு காலும் முறிந்து, வலது கையிலும் கட்டு. எழுத முடியாமல் கிடந்தவனுக்காக ஆஸ்பத்திரியே எழுதியிருந்தது. சிஸ்டர் வாசிக்க வாசிக்க மாஸ்டர் பள்ளிப் பிள்ளைபோல் ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாராம். ரோசம்மா பிறகு சொன்னாள்.

வகுப்பு கலைந்தது. நாய்ப் பிரெஞ்சு என்று ஊர் முழுக்கச் சிரித்தது. அந்தப் பெயரைப் பரப்பியதில் என் பங்கும் உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் தவத்தின் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பக்கம் போனபோது மாஸ்டர் விறாந்தையில் தனியாக இருந்தார். மடியில் சிஸ்டர் கொடுத்த, படம் போட்ட சின்னப் பிள்ளைகளின் பிரெஞ்சுப் புத்தகம்.

“என்ன, சிரிக்க வந்தனீரோ?” என்று கேட்டார்.

“இல்லை. படிக்க” என்றேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று இன்றும் தெரியாது.

பக்கத்துக் கதிரையைக் காட்டினார். அதற்குப் பிரெஞ்சில் என்னவென்று கேட்கவில்லை. இருவரும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினோம். அவருக்கு ஒரு சொல் மனதில் நிற்க மூன்று நாள் எடுக்கும், எனக்கு ஒரு பொழுது போதும். நான் பிரான்சுக்குப் போகவேயில்லை. இரண்டு வருசம் அந்த விறாந்தையில் இருந்து, எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்களையெல்லாம் தெரியாதவன்போல் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.