விழத் தெரியாத ஆர்லோ

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நீண்ட ஓய்வெடுத்துக்கொண்டு, ஒஹையோ ஆற்றங்கரையில் எங்கள் போர்ட் ஹாலிஸ் ஊரில், பேஸ்பால் வீரர்களின் உண்மையான மதிப்பைக் கண்டறியும் குழுவை அமைத்தது. இடைப்பட்ட காலத்தில் குறிப்பிடும்படி எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

குழுவின் செயலாளர் நான். போர்ட் ஹாலிஸ் கெளுத்திகள் என்ற எங்கள் அணிக்கு டிக்கெட் விற்பதும் நான்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டிய அவசியமில்லை. குழுத் தலைவர் லொரெய்ன் டிட்மர் அம்மையார். வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தொழிற்சாலை அவருடையது, கெளுத்திகளும் அவருடையவை. மீன் பெயர் கொண்ட அணியின் சட்டை முதுகில் ஊறுகாய் ஜாடி எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். பாதிப் பேர் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்கள்.

மூன்றாவது உறுப்பினர் ஆய்வாளர் நோலன் ஷ்ரீவ். இளைஞர். வாழ்நாளில் பேஸ்பால் மட்டையைத் தொட்டதில்லை. "அதனாலதான் மேடம் எனக்கு இந்த ஆட்டத்துமேல பாரபட்சமே கிடையாது" என்று நேர்முகத் தேர்வில் சொன்னார். அம்மையார் அந்த இடத்திலேயே வேலை கொடுத்துவிட்டார்.

குழுவின் முன் வந்த பிரச்சினை இதுதான். ஜூலை முடிவதற்குள் ஒவ்வொரு அணியும் ஓர் ஆட்டக்காரரைக் குறைக்க வேண்டும் என்று லீக் உத்தரவு போட்டிருந்தது. மற்றவர்களின் ஒப்பந்தமெல்லாம் உறுதியாகிவிட்டதால் கத்தி இரண்டு கழுத்துகளின் மேல்தான் தொங்கியது. ஒன்று டேரல் ஹுபாக்கின் கழுத்து. அது பெரிய கழுத்து. டேரல் அடித்தால் பந்து வேலியைத் தாண்டி வண்டி நிறுத்துமிடத்தில் போய் விழும். யாருடைய வண்டிக் கண்ணாடி உடைந்ததோ அவரும் எழுந்து கை தட்டிவிட்டு, அப்புறம்தான் தலையில் கை வைப்பார்.

இன்னொன்று ஆர்லோ ப்ரூவிட்டின் கழுத்து. ஆர்லோ எங்கள் ஷார்ட்ஸ்டாப். அடித்தவர்கள் ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நின்று, தரையோடு தரையாக வரும் பந்துகளைப் பிடித்து எறிவது அவர் வேலை. மட்டை பிடிப்பதை அவர் ஒரு மரியாதைக்காகச் செய்துவந்தார். ஆனால் அவர் பக்கம் அடிக்கப்பட்ட பந்து அவரைத் தாண்டிப் போய் யாரும் பார்த்ததில்லை. அவர் பிடித்ததையும் யாரும் பார்த்ததில்லை என்பதுதான் சிக்கல். கடுகுச் சாந்து தடவிய ஹாட் டாகை ஒரு கடி கடித்துவிட்டு நிமிர்வதற்குள் காரியம் முடிந்து, எதிரணிக்காரன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போய்க்கொண்டிருப்பான்.

முதல் கூட்டம் டிக்கெட் ஜன்னலுக்கு மேலுள்ள அறையில், பொரித்த ஊறுகாய்த் துண்டுகளுடன் தொடங்கியது. சிறப்பு அழைப்பாளராக மேனேஜர் டச் ரோமர் வந்திருந்தார். களத்தில் யார் எங்கே ஆடுவது என்று முடிவு செய்கிறவர் அவர், அதாவது குழு அமைக்கப்படும் வரை. சூரியகாந்தி விதையை மென்று தோலைக் காகிதக் கோப்பைக்குள் துப்பிக்கொண்டே இருப்பார்.

நோலன் திரையில் ஆர்லோவின் படத்தை ஓட்டினார். மைதானமெங்கும் கேமரா வைத்து அவர் புதிதாக ஓர் அளவுகோல் செய்திருந்தார். வீரர் பந்துக்காக எவ்வளவு தூரம் ஓடினார், எப்படிப் பாய்ந்தார், எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார் என்பதையெல்லாம் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாகத் தரும். அதற்கு 'வீழ்ச்சிக் குறியீடு' என்று பெயர்.

"பாருங்க மேடம். இவரு அசையவே இல்ல" என்றார் நோலன்.

"பந்து நேரா அவன்கிட்ட போவுது. அவன் எதுக்குய்யா அசையணும்?" என்றார் டச்.

"அப்ப அது பந்தோட திறமைதானே சார்?"

டச் விதையை விழுங்கிவிட்டார். இருமி முடித்த பிறகு, "தம்பி, அடிக்கறவன் கால் எப்படி வச்சிருக்கான், பந்து எறியற பிட்சர் என்ன போடப்போறான், எல்லாத்தையும் பாத்துட்டு அவன் முன்னாடியே ரெண்டு எட்டு தள்ளிப் போய் நின்னுக்கறான். அதுதான்யா வித்தை!" என்றார்.

"அடிக்கறதுக்கு முன்னாடி நடக்கறது எதுவும் நம்ம சிஸ்டத்துல வராது சார். மட்டையில பட்ட சத்தம் கேட்டாத்தான் கேமரா ஓட ஆரம்பிக்கும்."

அம்மையார் ஒரு ஊறுகாய்த் துண்டை எடுத்தார். "சரி, சண்டை வேணாம். இந்தப் பையன் இதுவரைக்கும் எத்தனை ரன்னைத் தடுத்திருக்கான்?"

"எக்கச்சக்கம் மேடம்" என்றார் டச்.

"எங்க இருக்கு, காட்டுங்க."

"எப்படி மேடம் காட்டறது? நடக்கல. அதுக்குப் பேருதான் தடுக்கறது."

"நல்லா இருக்கே! என் ஃபேக்டரியில ஒருத்தன் வந்து, இன்னிக்கு உடையாத ஜாடிக்கெல்லாம் சம்பளம் குடுங்கன்னு நின்னா குடுப்பேனா? டேரல் அடிச்சா கண்ணாடி உடையுது. எனக்குத் தெரியுது. அந்த வண்டிக்காரனுக்கும் தெரியுது."

இவ்வளவு தெளிவான வாதத்தை நான் அதுவரை கேட்டதில்லை. இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருப்பதால், மாதக் கடைசி வரை இருவரையும் 'கூர்ந்த அவதானிப்பில்' வைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். டச்சுக்கு ஓட்டு இல்லை.

எனக்கு ஆர்லோவைப் பிடிக்கும். டிக்கெட் ஜன்னலைக் கடந்து போகும்போதெல்லாம் நின்று வணக்கம் சொல்கிற ஒரே ஆட்டக்காரர் அவர்தான். அவர் மனைவி ஜனெல்லுக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. ஆர்லோவுக்கு இடம் போனால் இரண்டு பேரும் ஊரைக் காலி செய்துவிட்டு, கென்டக்கியில் மாமனாரோடு வீட்டுக் கூரை வேயப் போக வேண்டும். எனவே குழு உறுப்பினர் என்ற கடமையை ஒரு நிமிடம் ஒதுக்கி வைத்துவிட்டு அவரைத் தனியாக அழைத்தேன்.

"ஆர்லோ, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்சம் விழணும்."

"விழணுமா? எதுல சார்?"

"தரையிலதான். பந்தைப் பிடிக்கும்போது அப்படியே பாய்ஞ்சு விழுங்க. நீங்க சும்மா நிக்கறது மேல இருக்கறவங்களுக்கு வேலை செய்யற மாதிரி தெரியல."

"விழாம பிடிக்கறதுக்குத்தான சார் பதினஞ்சு வருஷமா பழகினேன்!"

"பழகினதை யாரு கேட்டா? இங்க விழறீங்களா, இல்ல மாமனார் கூரையிலேர்ந்து விழறீங்களா?"

ஆர்லோ யோசித்தார். "அவரு ஏணியைக்கூட சரியா புடிக்க மாட்டாரு சார்" என்றார் கவலையோடு.

மறுநாள் ஆட்டத்தில் அதிசயம் நிகழ்ந்தது. ஆர்லோ தான் நிற்க வேண்டிய இடத்தை விட்டு வேண்டுமென்றே நாலு எட்டு தள்ளி நின்றார். பந்து வந்ததும் குறுக்கே பாய்ந்து, காற்றில் நீண்டு, மார்பால் புழுதியை உழுது, படுத்தபடியே எறிந்தார். மைதானம் எழுந்து நின்று கத்தியது. அவ்வளவு காலமும் அவர் அதே பந்தைக் கொட்டாவி விட்டுக்கொண்டே பிடித்தபோது ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் கண் கலங்கினார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. வீழ்ச்சிக் குறியீடு விண்ணைத் தொட்டது. நோலன் என்னிடம் வந்து, "ஒரே ராத்திரியில ஒரு மனுஷன் இவ்வளவு முன்னேற முடியுமா சார்? எல்லாம் அளக்க ஆரம்பிச்சதோட பலன்!" என்று நெகிழ்ந்தார்.

டச் மட்டும் ஆர்லோவைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "என்னடா இது கோமாளித்தனம்? ஒழுங்கா உன் எடத்துல நில்லுடா!"

"நின்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க கோச். விழுந்தாத்தான் நிக்கலாமாம்."

ஆனால் பாய்ந்து விழுகிறவர் எல்லாப் பந்தையும் பிடித்துவிட முடியாது. சில பந்துகள் கையுறையின் நுனியில் பட்டு நழுவின. அப்படி நழுவிய ஒவ்வொன்றுக்கும் ஸ்கோர் எழுதுகிறவர் ஆர்லோ பெயரில் ஒரு 'பிழை' போட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. சட்டம் அப்படி. பந்து கைக்கு வந்து தவறினால் பிழை. கைக்கே எட்டாமல் போனால் அது அடித்தவனின் கெட்டிக்காரத்தனம்.

இந்த நிலையில் அம்மையார் ஒரு யோசனை சொன்னார். ஒருவரை ஓரிடத்திலும் இன்னொருவரை வேறிடத்திலும் பார்த்துவிட்டு எப்படி ஒப்பிட முடியும்? டேரலையும் அதே ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தால் என்ன? டச் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். அது ஒப்புதலாகக் குறித்துக்கொள்ளப்பட்டது.

டேரல் நின்றார். ஹாலுக்கு நடுவில் ஃப்ரிட்ஜை இறக்கி வைத்ததுபோல நின்றார். பந்துகள் அவருக்கு இடப்பக்கம் போயின, வலப்பக்கம் போயின, ஒன்று கால்களுக்கு நடுவே போயிற்று. அவர் ஒவ்வொன்றையும் தலை திருப்பி மரியாதையோடு பார்த்து அனுப்பிவைத்தார். எதிரணிக்காரர்கள் பேஸ் பேஸாக ஓடினார்கள்.

வாரக் கடைசியில் நோலன் கூட்ட அறைக்குள் ஓடி வந்தார்.

"மேடம்! பூஜ்யம்!"

"என்ன பூஜ்யம்?"

"டேரலோட பிழை மேடம்! ஒரு வாரம் ஷார்ட்ஸ்டாப்ல நின்னு ஒரு பிழைகூட பண்ணல! ஆர்லோ பேர்ல ஏழு இருக்கு!"

"அவன் ஒரு பந்தையும் தொடவே இல்லையேய்யா!" என்று அலறினார் டச்.

"அதத்தான் சார் நானும் சொல்றேன். எவ்வளவு சுத்தமான கை!"

"டேய், கால் நடுவுல போச்சுடா பந்து! கால் நடுவுல!"

"கையில படலயே சார்."

டச் என்னைப் பார்த்தார். "செக்ரட்டரி ஐயா, நீங்களாவது வாயத் திறங்க. நீங்க ஆட்டத்தைப் பாத்தீங்கதானே?"

பார்த்தேன். ஆனால் பார்த்ததைச் சொல்வது என்பது புள்ளிவிவரங்களுக்கு எதிரான 'தனிப்பட்ட அபிப்பிராயம்' ஆகிவிடும் என்பதால் தண்ணீர் குடித்தேன். அடிப்பதிலும் டேரல் சிறந்தவர், தடுப்பதிலும் டேரலே சிறந்தவர் என்று நிரூபணமாகிவிட்டது. அறிவியலில் இவ்வளவு இனிமையாக எல்லாம் ஒத்துப்போவது அபூர்வம்.

ஆர்லோவுக்கு விடைகொடுக்கும் விழா பார்க்கிங்கில் நடந்தது. அம்மையார் ஒரு ஜாடி ஊறுகாய் பரிசளித்தார். ஜனெல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஆர்லோ என்னிடம் வந்து கை கொடுத்தார். முழங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

"நீங்க சொன்னபடிதான் சார் விழுந்தேன்" என்றார்.

செயலாளரின் வருத்தத்தைப் பதிவு செய்ய நிகழ்ச்சிக் குறிப்பில் இடம் இல்லாததால், ஊறுகாய் ஜாடியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று சரிபார்த்துக் கொடுத்தேன்.

அதன்பிறகு கெளுத்திகளின் பிட்சர்களை ஒரு மர்ம நோய் தாக்கியது. ஜூலை வரை நன்றாக எறிந்துகொண்டிருந்தவர்கள், ஆகஸ்ட் பிறந்ததும் ஒட்டுமொத்தமாகத் திறமையை இழந்தார்கள். எதிரணி எடுக்கிற ரன்னெல்லாம் பிட்சர் பெயரில்தான் ஏறும் என்பதால் குற்றவாளி யார் என்பதில் நோலனுக்கு ஐயமில்லை. பந்தை எறிந்துவிட்டு டேரல் நிற்கும் திசையை அவர்கள் பயத்தோடு திரும்பித் திரும்பிப் பார்ப்பதையும் கேமரா கண்டுபிடித்தது. 'கவனச் சிதறல்' என்று அதற்கு வைத்தியம் தொடங்கினோம். மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண்மணி வந்தார். மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிப் புதிதாக மூன்று பேரைக் கொண்டுவந்தோம். புதியவர்களுக்கும் நோய் தொற்றிக்கொண்டது. டேரல் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு கண்ணாடியை உடைத்தார். நாங்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்றோம்.

கடைசி ஆட்டம் ஆற்றுக்கு அக்கரையில், ரிட்லி ஃபெரி அணியோடு. அவர்கள் ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு. நாங்கள் தோற்றால் கடைசி இடம் எங்களுக்கு. அவர்களுடைய ஷார்ட்ஸ்டாப்பாக, அவர்கள் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டதால் கூரைக்குப் போகாமல் தப்பித்த ஆர்லோ நின்றார். குழு முழு பலத்தோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தது. எங்கள் ஆட்கள் வெறியோடு அடித்தார்கள். அடித்ததெல்லாம் நேராக ஆர்லோவின் கையில் போய் உட்கார்ந்தது. அவர் விழவும் இல்லை, பாயவும் இல்லை. சட்டையில் ஒரு பொட்டுப் புழுதி இல்லை.

நோலன் வருத்தத்தோடு சொன்னார்: "நம்ம ஆளுங்களுக்குக் கண்ணு சரியில்ல மேடம். எவ்வளவு பெரிய மைதானம்! எல்லாரும் போய் அவரு நிக்கற எடத்துக்கே அடிக்கறாங்க பாருங்க."

ஆட்டம் முடிந்ததும் அம்மையார், கோப்பையோடு ஆர்லோ ஜனெல்லைத் தூக்கிச் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் ஆண்டு இறுதிக் கூட்டம். டச்சை வேலையிலிருந்து நீக்கும் தீர்மானம் முதலில் நிறைவேறியது. அவர் விதைத் தோல் நிறைந்த காகிதக் கோப்பையை மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பையன நிக்க விட்டிருந்தா நாம ஜெயிச்சிருப்போம். அவன் நின்னதும் உங்களுக்குப் புடிக்கல, விழுந்ததும் புடிக்கல. என்னையும் அனுப்பிட்டீங்க, சரி. இன்னும் கொஞ்சம் தேடிப் பாருங்க. வேற யாராவது மாட்டாமயா போவாங்க?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தாமல் போனார்.

"அவர் கேக்கறதும் நியாயம்தான்" என்றார் அம்மையார். "வேற யாராவது தப்பு பண்ணியிருக்காங்களா? செக்ரட்டரி, நல்லா விசாரிச்சு எழுதுங்க."

விசாரித்தேன். ஆண்டறிக்கையின் கடைசிப் பத்தியை நானே எழுதி, எழுந்து நின்று வாசித்தேன். அது விவாதமின்றி நிறைவேறியது:

"தலைவர், ஆய்வாளர், செயலாளர் ஆகிய மூவரும் இந்தப் பருவம் முழுவதும் ஒரு பந்தையும் தொடவில்லை. ஆகவே அணி கடைசி இடத்துக்கு வந்ததில் குழுவின் பிழை: பூஜ்யம்."