கோபித்துக்கொண்டு போகவில்லை, நடக்கிறேன்

விஜயபுரம்,
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

சிரஞ்சீவி தம்பி நாராயணசாமிக்கு உன் அக்காள் தாட்சாயணி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, மெய்யாகவே நலம். அதை ஒருவரும் நம்பமாட்டேன் என்கிறார்கள், அதனால்தான் இந்தக் கடிதமே. சித்தூரில் நீயும், உன் மனைவி மல்லிகாவும், குவைத்திலிருந்து வந்து நீ கட்டிய மாடி வீடும் சௌக்கியமாக இருக்க ஏழுமலையான் அருள் புரியட்டும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போன் செய்யலாமே என்று கேட்பாய். போனில் நீ என்னை எங்கே பேசவிடுகிறாய்? “அக்கா, ஒண்ணும் பேசாத, மூச்சு வாங்கும், படு” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. பொறுமையாகப் படி.

முதலில், உன் காதுக்கு வந்ததெல்லாம் பொய். நான் வீட்டைவிட்டுக் கோபித்துக்கொண்டு போனதாகச் சொன்னார்களாம், பொய். மருமகள் யாமினி எனக்குச் சோறு போடுவதில்லையாம், பச்சைப் பொய். எனக்குப் புத்தி பேதலித்து ரோட்டில் சுற்றுகிறேனாம், அதைச் சொன்னவன் நாக்கு அழுகிப்போக. இதையெல்லாம் நம்பி நீ என் மகன் ஹேமநாத்துக்குப் போன் போட்டு, “உங்கம்மாவ இங்க கூட்டிக்கினு வா, மேல ரூம்ல படுக்க வச்சு பாத்துக்கறோம், கழனிய அந்த மாந்தோப்புக்காரனுக்குக் குத்தகைக்கு வுட்டுடு” என்று உத்தரவு போட்டிருக்கிறாய். அவனும் சத்தியவேடு பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துப் பார்த்து எதற்கும் தலையாட்டப் பழகிவிட்டான், ஆட்டிவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்கவில்லை. ஆகவே நடந்ததை நானே சொல்கிறேன்.

சமாசாரம் திருப்பதியில் ஆரம்பித்தது. ஒரு பக்கத்து மார்பை எடுத்து, கீமோ ஏற்றி, ரேடியேஷன் என்று கரண்டு வைத்து வைத்தியமெல்லாம் முடிந்துவிட்டது. கேன்சர் எந்த இடத்தில் என்று தம்பிக்குச் சொல்லக் கூசி அன்றைக்குச் “சின்ன ஆபரேஷன்” என்றேன், இப்போது கூச்சமெல்லாம் போய்விட்டது, படித்துக்கொள். அப்போது ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா கூப்பிட்டு, கேன்சர் வந்தவர்களுக்கு உடற்பயிற்சி எழுதிக் கொடுக்க பிசியோதெரபி பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கிறது, பாடம் முடிந்துவிட்டது, இனி நிஜ நோயாளியை வைத்துச் செய்து பார்க்க வேண்டும், நீங்கள் வருகிறீர்களா என்று கேட்டார். மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள், பத்தியம் எழுதிக் கொடுப்பார்கள், நடையை எழுதிக் கொடுப்பார்களா? கொடுப்பார்களாம். எவ்வளவு தூரம், எந்த வேகம், எப்போது ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்று மருந்து மாதிரியே அளந்து எழுத வேண்டுமாம். குறைந்தால் உடம்பில் பிடிக்காது, மிஞ்சினால் ஆளைச் சாய்த்துவிடும். சரி, கட்டிலில் கிடந்து மின்விசிறியைப் பார்ப்பதற்கு இது மேல் என்று ஒப்புக்கொண்டேன்.

எனக்கு வாய்த்தது சுமித்ரா என்கிற பெண். குப்பம் பக்கம் குடுபல்லிக்காரி, பாதி தமிழ், பாதி தெலுங்கு. பின்னால் நாற்காலியில் பெரிய மேடம் உட்கார்ந்து மார்க்குப் போடுகிறார். முதலில் சாயங்காலம் பார்க்கில் நடக்கவும் என்று எழுதினாள். விஜயபுரத்தில் ஏதடி பார்க்கு என்றேன். அடித்தாள். சைக்கிள் ஓட்டவும் என்று எழுதினாள். இந்தச் சேலையோடா என்றேன். அதையும் அடித்தாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, “சரே, மீ ஊரு எப்படி இருக்கும், சொல்லுங்கம்மா, வின்ட்டானு” என்று காதைக் கொடுத்தாள். அதற்கு மேடம் மார்க்குப் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையைத் தூக்கினால் வீங்கிவிடும் என்று ஊரே சொல்லி, நான் அந்தக் கையை மடியில் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் தொட்டுப் பார்த்து, சுற்றளவு அளந்து, “கனமா இருந்தா, வீங்கினா உடனே செப்பணும்” என்று எச்சரித்து, சின்னத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து மெல்ல மெல்லத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். தம்பி, தலைக்கு மேலே தூக்கினேன்! ரவிக்கை போட்டுக்கொள்ள யாமினியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் நான். அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சுமித்ரா பயந்துபோய், “நொப்பியாம்மா? வலிக்குதா?” என்றாள். வலி இல்லைடி, சந்தோஷம் என்றேன்.

வேகம் பார்ப்பதில்தான் பாவம் மாட்டிக்கொண்டாள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம் என்று பாடத்தில் சொல்லியிருக்கிறார்களாம். வராண்டாவில் நடக்கவிட்டுக் கூடவே வந்தாள். நான் பேசினேன். வேகத்தைக் கூட்டச் சொன்னாள், கூட்டினேன், பேசினேன். நகரியில் தறி ஓட்டுகிற சின்ன நாத்தனார் கதை முழுவதும் முடிந்து அவள் மாமியார் கதைக்கு வந்துவிட்டேன். “மூச்சு வாங்குதாம்மா?” என்றாள். வாங்குது என்றேன். “மரி எப்படிப் பேசிக்கினே இருக்கீங்க?” என்று அவளே நின்றுவிட்டாள். மேடம் வாய்விட்டுச் சிரித்து, “இவங்களுக்கு இந்த டெஸ்ட் செல்லாது, எவ்ளோ கஷ்டமா இருக்குதுன்னு அவங்களையே மார்க்குப் போடச் சொல்லு” என்றார். இதில் இன்னொன்றும் இருக்கிறது. நான் ஊருக்கு வந்த பிறகும் விடாமல் நடந்தால்தான் சுமித்ராவுக்குப் பாஸ். வாரா வாரம் போனில் கேட்டு ஏற்றி இறக்கி எழுத வேண்டும். ஒரு பெண்ணின் பரீட்சை என் காலில் இருக்கிறது, நான் எப்படிப் படுப்பது?

இப்போது நம் ஊர் லட்சணத்துக்கு வருகிறேன். எந்தப் பெண்பிள்ளையாவது வெறுங்கையை வீசிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்க்காமல், விறுவிறுவென்று ரோட்டில் போய் நீ பார்த்திருக்கிறாயா? இடுப்பில் குடம் இருக்கும், தலையில் புல்லுக்கட்டு இருக்கும், இல்லாவிட்டால் பிள்ளை இருக்கும். வெறுங்கையோடு வேகமாகப் போனால் ஒரே அர்த்தம்தான்: வீட்டில் சண்டை, பிறந்த வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போகிறாள். அப்படிப் போகிறவளை எந்த வாசலில் பார்த்தாலும் கையைப் பிடித்து நிறுத்தி, உட்கார வைத்து, எதையாவது துன்ன வைத்து, சமாதானம் பேசித் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். விடாவிட்டால் அந்த வீட்டுக்குக் கேவலம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். நானே எத்தனை பேரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். ஆனால் என்னை நிறுத்துவார்கள் என்று தோன்றவில்லை. முதல் நாள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் வாசலைத் தாண்டவில்லை, அவள் குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாக்கா, யாமினி இன்னா சொல்லிச்சு?”

“ஒண்ணும் சொல்லலடி. நான் நடக்கறேன்.”

“அதான் தெரியுதே, நடந்து போய்க்கினு கீறியே! உடம்பு முடியாத மனுசிய இப்டி வுட்டுட்டாளே. உள்ள வா, ஒரு வாய் துன்னுட்டு அப்பால பேசலாம்.”

களியும் கருவாட்டுக் குழம்பும். அவளிடமிருந்து தப்பித்து வந்தால் அடுத்த வீட்டில் முறுக்கு. டீக்கடை அப்பாவு அண்ணன் தன் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் இறக்கி, யாமினிக்குப் பெரிய மனுஷத்தனமாக நாலு புத்தி சொல்லிவிட்டுப் போனார். நடக்கப் போனவள் ஏப்பம் விட்டுக்கொண்டு வண்டியில் திரும்பினேன். சாயங்காலம் சுமித்ரா போன் செய்து எவ்வளவு தூரம் என்றாள். ரெண்டு வீடு என்றேன். “ஏமயிந்தி? கால் வலியா?” என்றாள். இல்லம்மா, களி என்றேன். அதை என்னவென்று எழுதிக்கொண்டாளோ தெரியாது.

வெறுங்கைதானே வினை, எதையாவது எடுத்துப் போவோம் என்று மறுநாள் காலிக் குடத்தோடு கிளம்பினேன். எதிரே அப்பாவு அண்ணன் பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கப் புறப்பட்டு வந்தவர், காலிக் குடத்தைப் பார்த்து அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். குடத்தில் தண்ணீர் நிரப்பினால் கைக்கு ஆகாது, சுமித்ரா திட்டுவாள். அரிவாளும் கொஞ்சம் புல்லும் எடுத்துக்கொண்டு போனேன், “கேன்சர் வந்த மாமியார புல்லறுக்க வுட்டுட்டாடி” என்று குழாயடியில் யாமினியின் தலை உருண்டது. சரி, அவளையே கூட அழைத்துப் போனேன். அந்தப் பெண்ணுக்கு என் வேகம் வரவில்லை, “அத்தே, மெதுவா அத்தே” என்று பின்னாலேயே ஓடிவந்தாள். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க மருமகள் துரத்துகிறாள் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அன்றைக்குத்தான் அப்பாவு அண்ணன் உனக்குப் போன் போட்டார். யாமினி அடுப்படியில் உட்கார்ந்து, “நீங்க நடக்க நடக்க என் பேர்தான் கெட்டுப்போவுது அத்தே” என்று அழுதாள். அவள் சொன்னது நியாயம். அவள்தான் எனக்குக் கஞ்சி ஊட்டியவள், வாந்தி அள்ளியவள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! அந்த நேரம் பார்த்து பிளாஸ்டிக் குடம் விற்கிறவன் மைக்குக் கட்டிய வண்டியோடு கோயில் பக்கம் வந்தான். ஒரு குடம் வாங்குகிறேன், மைக்கைக் கொடு என்று பிடுங்கிக்கொண்டேன். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை, ஊர் முழுக்கச் சொன்னேன்: “தாட்சாயணி பேசறேன். எனக்கு வந்தது கேன்சர். ‘அந்த நோய்’னு யாரும் குசுகுசுன்னு பேச வாணாம், பேரு கேன்சர்தான். வைத்தியம் முடிஞ்சுபோச்சு. நடக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்க, நடக்கறேன். என் மருமவ தங்கம். எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல. யாரும் என் கையப் புடிக்க வாணாம், களி போட வாணாம்!” குடக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மறுநாளிலிருந்து ஏரிக்கரை வரை நிம்மதியாக நடக்கிறேன். ஒருத்தரும் தடுப்பதில்லை. சுமித்ரா தூரத்தை ஏற்றி எழுதியிருக்கிறாள்.

ஆகையால் தம்பி, கேட்டுக்கொள். நான் சித்தூருக்கு வரமாட்டேன், உன் மாடியில் படுக்கமாட்டேன், காரை அனுப்பினால் ஏறமாட்டேன். கழனியை மாந்தோப்புக்காரனுக்கு விடக் கூடாது. பட்டா ஹேமநாத் பேருக்கு மாறியிருக்கலாம், அதில் குனிந்து நிமிர்ந்தவள் நான். மாங்கன்று நட்டால் அது காய்த்து, குத்தகை முடிந்து, மண் திரும்பி வர எத்தனை வருஷம்? அதற்குள் அக்காள் போய்விடுவாள் என்றுதானே கணக்குப் போட்டீர்கள்? டாக்டரம்மாவே தெரியாது என்கிற கணக்கு உங்களுக்கு எப்படித் தெரிந்தது? வேர்க்கடலை விதைத்தால் ஒரே பட்டத்தில், நாலே மாசத்தில், கைக்கு வந்துவிடும். எனக்கு இந்தப் பட்டம் வேண்டும். அது முடிந்ததும் அடுத்ததைக் கேட்பேன். எனக்குப் பயமே இல்லை, கோபமும் இல்லை, மனசு தெளிவாக இருக்கிறது.

மல்லிகாவுக்கு என் அன்பு. அவளுக்குச் சர்க்கரை இருக்கிறதே, அவளையும் நடக்கச் சொல். நீயும் தொப்பையைக் குறை. குடும்பம் தழைக்க, நோய் நொடி அண்டாமல் இருக்க வாழ்த்தும்,

உன் அக்காள்,
தாட்சாயணி.

பின்குறிப்பு: கோபம் இல்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடு. சித்தூருக்கு வரமாட்டேன் என்றதையும் அடித்துவிடு. இன்றைக்குத் திங்கட்கிழமை. காலையில் கடிதத்தை ஒட்டப் போகும்போது யாமினி வாய் தவறிச் சொல்லிவிட்டாள், மாந்தோப்புக்காரன் புதன்கிழமை கழனியை அளக்க வருகிறானாம், நீயும் ஹேமநாத்தும் பேசி முடித்தாகிவிட்டதாம். அவளோடு ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, நிஜமாகவே கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கன்னியம்மாள் வாசலில் வேகத்தைக் குறைத்தேன். “வாக்கிங்காக்கா? பை எதுக்கு, வெயிட்டா? நல்லது, நல்லது” என்று துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். டீக்கடை முன்னால் நின்றே பார்த்தேன். “கைய நல்லா வீசிக்கினு போம்மா” என்றார் அப்பாவு அண்ணன். ஒருத்தராவது கையைப் பிடித்து நிறுத்துவார்கள் என்று பார்த்துப் பார்த்து பஸ் ரோடு வரைக்கும் வந்துவிட்டேன்டா. அழுதுகொண்டே பஸ் ஏறினேன். பயம் இல்லை என்று எழுதினேனே, அதுவும் பொய். ராத்திரியெல்லாம் பயம்தான். கழனி கையில் இருந்தால் விடிந்ததும் போக ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

புத்தூரில் பஸ் மாறி, சித்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ வைக்காமல் உன் வீடு வரை நடந்தே வந்திருக்கிறேன். இப்போது உன் வாசற்படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பெல் அடித்தால் “வா அக்கா” என்று சொல்லி நேரே மாடிக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடுவாய், அதனால் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். முழுதும் படி. படித்துவிட்டு அந்த ஆளுக்குப் போன் போட்டு வராதே என்று சொல்லு, அது என் காதில் விழ வேண்டும். சொல்லாவிட்டால் இப்படியே திரும்பி நடப்பேன். புதன்கிழமை அவன் டேப்பை விரிக்கும்போது ஒரு முனை என் கையில் இருக்கும், எவன் வந்து இழுத்தாலும் விடமாட்டேன்.

படித்தது போதும், போனை எடு.