தொட்டிக்கு மூச்சு முட்டிய ஆயுத பூசை

திருப்பூரில் என் உயிரை வாங்கியவர்கள் நிறையப் பேர். ஆனால் கண்ணுக்கே தெரியாத உயிர்களுக்காக என் உயிரை வாங்கியவர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே பூச்சியண்ணன் ஒருவர்தான்.

நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் நான் ஸ்டோர் பார்த்தேன். அவர் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்தார். தொட்டியில் வாழும் பாக்டீரியா, அவர் பாஷையில் பூச்சி, சாயத்தண்ணீரின் அழுக்கைத் தின்று தீர்க்கும். அது மூச்சுவிட ப்ளோயர் மோட்டார் ராத்திரி பகலாகக் காற்று ஊத வேண்டும். எட்டாவதோடு நின்ற எனக்கே புரிந்த விஷயம் இது. இதற்குப் போய் மனுசன் மாட்டுப் பண்ணை வைத்தவர் மாதிரி அலட்டுவார்.

பட்டறைக்கு லீவு விட்டால் சாயத்தண்ணீர் வராது, பூச்சிகள் பட்டினி கிடக்கும் என்று என் முன்னால் வந்து நிற்பார். வெல்லம் வேண்டும், யூரியா வேண்டும், சாணி வேண்டும். சாணியை நான் எந்த ரேக்கில் வைப்பது? ஒருமுறை பாசம் மிஞ்சிப்போய் வெல்லத்தை அள்ளிக் கொட்டிவிட்டார். நுரை பொங்கிச் சுவரேறிக் குதித்து, ரோட்டில் நின்ற பால்காரர் பைக்கை சீட் வரைக்கும் மூடிவிட்டது. நான் பதறியடித்து ஓடினால், "பசியாறி ஏப்பம் உடுதுங்க தம்பி" என்றார் நிதானமாக.

ஆயுத பூசை வந்தது. எல்லா மிஷினையும் நிறுத்தி, கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து ஒருநாள் ஓய்வு கொடுக்காவிட்டால் எங்கள் முதலாளிக்குத் தூக்கம் வராது. ப்ளோயரை நிறுத்தக் கூடாது என்று அண்ணன் குறுக்கே நின்றார்.

"அதும் மிஷின்தானுங்களே?" என்றார் முதலாளி.

"அது மூக்குங்க. மூக்குக்கு யாராச்சும் லீவு உடுவாங்களா?"

முதலாளி தலையை ஆட்டினார். அதை நம்பி அண்ணன் சேவூருக்கு, அவர் வீட்டுப் பூசைக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் ப்ளோயர் நின்றது, அதற்கு மாலை விழுந்தது, பூசணிக்காய் உடைந்தது.

மறுநாள் தொட்டி கருத்துக் கிடந்தது. அழுகிய முட்டை நாற்றம். தொட்டித் தண்ணீர் தெளியாவிட்டால் அதில் புதுச் சாயத்தண்ணீரை விட முடியாது, பட்டறையில் சாயம் போட முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து பார்த்தால் பட்டறைக்குச் சீல். எங்கள் எல்லோருக்கும் வேலை போய்விடும். பயத்தில் நான் கேட்டுக்கும் தொட்டிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். ப்ளோயரைப் போட்டுவிட்டு, பாலுக்கு உறை ஊற்றுவது போல பூச்சிகள் உயிரோடிருக்கும் வேறொரு தொட்டிச் சேற்றைக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும் என்றார். சேறு இருந்தது பக்கத்துப் பட்டறையில். அது முதலாளியின் பங்காளியுடையது. வரப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

நான் போய்க் கேட்கிறேன் என்றேன். அண்ணன் விடவில்லை. "மூக்கப் பொத்துனவரே போயிக் கேக்கட்டுங்க."

முதலாளி வெள்ளை வேட்டியில் பங்காளி வாசலில் போய் நின்றார். பங்காளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தன வருசங் கழிச்சு வந்து, சேத்தையா கேக்கறீங்கண்ணா?" என்றார். ஆனாலும் டேங்கர் நிறையக் கொடுத்தனுப்பினார்.

அதிலிருந்து அண்ணன் தொட்டியோரமே கிடந்தார். சோறு கொண்டுபோனால் பாதியைத் தொட்டிக்குள் போட்டுவிடுவாரோ என்று எனக்கு ஒரு கவலை. போட்டார்.

ஒரு விடியற்காலை என்னைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். நாற்றம் போயிருந்தது. மழை பெய்த காட்டு மண்ணின் வாசம். "பொழச்சுக்கிச்சுங்க தம்பி" என்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள், யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றேன்.

"யாரும் வேண்டாமுங்க. நீங்க பாருங்க. பயப்படற ஆளுதானுங்க கண்ணசராமப் பாப்பாங்க."

அவர் திரும்பி வரும்வரை அந்த ப்ளோயர் சத்தத்தை விட்டு நான் நகரவில்லை.